இரும்பு ஆக்சைடில் கூடுதல் சார்ஜ் எங்கே போகிறது? காந்தமானியை எவ்வளவு நம்பலாம்?

பிப்ரவரி 3: வந்த கேள்வி

"மேக்னடைட் (ஒருவகை இரும்பு ஆக்சைடு) மின்முனையின் கோட்பாட்டுக் கொள்ளளவு, அதாவது கணக்குப்படி தாங்க வேண்டிய சார்ஜ், கிராமுக்கு 926 மில்லிஆம்பியர் மணி. ஆனால் எல்லாரும் ஆயிரத்துக்கு மேல் காட்டுகிறார்கள். மிச்சமெல்லாம் எலக்ட்ரோலைட் சிதைந்து படலமாகப் படிந்ததில் போன சார்ஜ், அவ்வளவுதான். காந்தமானிக்குள் பேட்டரியை வைத்து, எலக்ட்ரான் இரும்பின் மேற்பரப்பில் உட்கார்ந்திருப்பதை நிரூபித்துவிட்டோம் என்பது கட்டுரை போட வசதியான கதை. மறுப்பவர்கள் மறுக்கலாம்."

பிப்ரவரி 3, இரவு

மறுக்கிறேன். ஆனால் பாதிதான். மீதிப் பாதியில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன், எந்தப் பாதி என்று சொல்வதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக, 926 எங்கிருந்து வருகிறது என்று முதலில். மேக்னடைட்டில் மூன்று இரும்பு, நான்கு ஆக்சிஜன். எட்டு லித்தியம் உள்ளே வந்தால் ஆக்சிஜன் எல்லாம் லித்தியம் ஆக்சைடாகப் போய்விடும், இரும்பு எல்லாம் உலோகமாகிவிடும். எட்டு எலக்ட்ரான், மூலக்கூறு எடை 231.5, கணக்குப் போட்டால் 926. கிராஃபைட்டுக்கு 372 தான் என்பதால் இதன் மேல் ஏன் இத்தனை பேர் விழுந்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். 2000-இல் பிரான்சின் அமியென் நகரத்து தாராஸ்கோன் குழு கோபால்ட் ஆக்சைடு, அதன் உறவுக்காரர்களை வைத்து கிராமுக்கு 700 வாக்கில் காட்டியதும் இந்தத் துறை திறந்துகொண்டது. கூடுதல் கொள்ளளவு என்ற தொந்தரவும் அப்போதே கூடவே வந்துவிட்டது.

விளக்கங்களுக்குக் குறைவில்லை. நீங்கள் சொல்லும் படலக் கதையை முதலில் சொன்னதே அந்தப் பிரெஞ்சுக்காரர்கள்தான்: குறைந்த வோல்டேஜில் கூழ் போன்ற ஒரு பாலிமர் படலம் வளர்ந்து, சார்ஜ் செய்யும்போது கரைகிறது என்று. ஸ்டுட்கார்ட்டில் யோவாகிம் மையர் வேறு மாதிரி சொன்னார். லித்தியம் ஆக்சைடும் உலோகமும் ஒட்டும் எல்லையில் லித்தியம் அயனி ஆக்சைடு பக்கத்திலும் எலக்ட்ரான் உலோகப் பக்கத்திலும் தனித்தனியாகத் தங்கலாம், இரண்டும் ஒரே பொருளுக்குள் நுழைய வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அவர் வாதம். 2013-இல் கேம்பிரிட்ஜின் கிளேர் கிரே குழு ருத்தேனியம் ஆக்சைடில் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) வைத்துப் பார்த்து, அங்கே லித்தியம் ஹைட்ராக்சைடு உடைந்து லித்தியம் ஆக்சைடும் லித்தியம் ஹைட்ரைடும் ஆவதுதான் பெரும்பங்கு என்றது. ஆக ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு கதை. இதில் எது என்று சொல்ல கரண்ட்டை அளந்து பயனில்லை, கம்பியில் எத்தனை எலக்ட்ரான் போனது என்பதோடு அதன் வேலை முடிந்தது.

இங்கேதான் காந்தம் உதவுகிறது. உலோக இரும்பு முழுதாக உருவான பிறகும் டிஸ்சார்ஜ் தொடர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (லித்தியத் தகட்டுக்கு எதிராக வைத்த அரைக்கலம், டிஸ்சார்ஜ் என்றால் லித்தியம் உள்ளே போவது). எலக்ட்ரான் படலத்துக்குப் போனால் இரும்பின் காந்தம் அசையக் கூடாது. இன்னும் ஆக்சைடு மிச்சம் இருந்து அது இரும்பாகிறது என்றால் காந்தம் கூட வேண்டும். எலக்ட்ரான் இரும்பிலேயே ஏறுகிறது என்றால் காந்தம் குறைய வேண்டும். குறைகிறது.

பிப்ரவரி 4, காலை

"யார் பார்த்தது?" என்று கேட்டிருந்தார்கள். சீனாவின் சிங்தாவ் பல்கலைக்கழகம் முன்னின்று செய்த வேலை. டெக்சாஸ், வாட்டர்லூ பல்கலைக்கழகங்களும், எம்ஐடியின் ஜகதீஷ் மூடேராவும் சேர்ந்தது. நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் 2020-இல் இணையத்தில் வந்தது, 2021-இல் அச்சில். மேக்னடைட்டை மாதிரியாக வைத்து, கோபால்ட் ஆக்சைடு, நிக்கல் ஆக்சைடு, இரும்பு ஃபுளோரைடு, இரும்பு நைட்ரைடிலும் இதே போக்கைப் பார்த்தார்கள். டிஸ்சார்ஜின் கடைசிக் கட்டத்தில் காந்தம் இறங்குகிறது, திருப்பி சார்ஜ் செய்யும்போது முதலில் ஏறுகிறது, அதற்கப்புறம்தான் இரும்பு ஆக்சிஜனேற்றமாகி மறுபடி இறங்குகிறது. அந்த முதல் ஏற்றம்தான் முக்கியம். சார்ஜ் செய்யும்போது இரும்பு உலோகம் குறையத்தான் முடியும், கூட வழியில்லை. அப்படியிருக்க காந்தம் ஏன் ஏறுகிறது? படலக் கதையில் இதற்கு இடமே இல்லை.

பிப்ரவரி 4, மதியம்

கேட்ட நண்பர் விடவில்லை. "போக்கு சரி, எண்ணைச் சொல்லு" என்கிறார். சரி.

ஒரு மில்லிஆம்பியர் மணி என்பது 3.6 கூலும். எலக்ட்ரான் கணக்கில் 2.25 × 10-இன் 19-ஆம் அடுக்கு. ஒவ்வொரு எலக்ட்ரானும் இரும்பின் சிறுபான்மை ஸ்பின் பட்டையில் (எலக்ட்ரான் ஸ்பின்னுக்கு இரண்டு திசை; அதிகம் பேர் இருக்கும் திசை பெரும்பான்மை, மற்றது சிறுபான்மை, காந்தம் இரண்டின் வித்தியாசம்) போய் உட்கார்ந்து ஒரு போர் மேக்னட்டான் (ஒரு எலக்ட்ரான் ஸ்பின்னின் காந்தம்) அளவுக்குக் காந்தத்தைக் குறைக்கிறது என்று வைத்தால், ஒரு மில்லிஆம்பியர் மணிக்கு 0.208 ஈமு குறையும். (ஈமு என்றதும் பெருந்துறை ஞாபகம் வந்து பணத்தைப் பத்திரப்படுத்துகிறவர்களுக்கு: இது கோழி இல்லை, காந்தத் திருப்புத்திறனின் அலகு. இதிலும் சிலர் காசை விட்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

இந்த 0.208-ஐ மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை படிக்கும்போது உதவும். கிராமுக்கு 100 கூடுதல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஆக்சைடு கிராம் ஒன்றுக்கு அதிகபட்சம் 20.8 ஈமு குறைவு தெரிய வேண்டும். ஒரு கிராம் மேக்னடைட்டில் 0.724 கிராம் இரும்பு, அது முழுக்க உலோகமானால் சுமார் 159 ஈமு. அப்படியானால் கிட்டத்தட்ட 13 சதவீத இறக்கம். எந்தக் காந்தமானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு தெரியும் அளவு அது.

இரும்புக்கு இன்னொரு வசதியும் உண்டு, பலருக்குத் தெரியாது: அணுவுக்கு ஒரு போர் மேக்னட்டான் என்பது கிராமுக்கு 100 ஈமு. அணு எடை 55.85, மோலுக்கு ஒரு போர் மேக்னட்டான் 5585 ஈமு. தற்செயல்தான், ஆனால் மனக்கணக்குக்கு இதைவிட நல்ல தற்செயல் கிடைக்காது.

பிப்ரவரி 6

ஒருவர் நல்ல குண்டு ஒன்றைப் போட்டிருக்கிறார், இரண்டு நாளாக அதையே மென்றுகொண்டிருக்கிறேன். அவர் சொல்வது: "ஸ்லேட்டர்–பாலிங் வளைவை மறந்துவிட்டீர்களா? இரும்பில் கோபால்ட்டைக் கலந்தால் எலக்ட்ரான் கூடுகிறது, காந்தமும் கூடுகிறது. 30 சதவீதம் கோபால்ட் வரைக்கும் ஏற்றம்தான். அப்படியென்றால் இரும்பில் எலக்ட்ரான் ஏறினால் காந்தம் கூட வேண்டும், குறைவது எப்படி?"

வளைவு (எலக்ட்ரான் எண்ணிக்கைக்கு எதிராக அணுவின் காந்தத்தை வரைந்தது) உண்மை. கட்டி இரும்பு (நானோ துகளாக இல்லாத பெரிய இரும்பு) ஒரு பலவீனமான ஃபெர்ரோ காந்தம். பலவீனம் என்றால் இழுவிசையில் இல்லை, பெரும்பான்மை ஸ்பின் பட்டை இன்னும் நிரம்பி முடியவில்லை என்ற பொருளில். வருகிற எலக்ட்ரான் அங்கே உட்கார்ந்தால் காந்தம் கூடும். கோபால்ட்டிலும் நிக்கலிலும் அந்தப் பட்டை நிரம்பிவிட்டது, வருகிறவர் யாராக இருந்தாலும் சிறுபான்மைப் பக்கம்தான் போயாக வேண்டும், காந்தம் எலக்ட்ரானுக்கு ஒன்று என்ற கணக்கில் இறங்கும். ஸ்லேட்டர்–பாலிங்கின் வலது சரிவு முழுக்க அதுதான்.

ஆனால் பேட்டரியில் எலக்ட்ரான் கட்டி இரும்புக்குள் போவதில்லை. உலோகத்தில் மின்புலம் ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள்ளேயே மறைந்துவிடும், அதனால் கூடுதல் எலக்ட்ரான் எல்லாம் முதல் அணு அடுக்கில்தான். வீட்டுக்குள் அறைகள் எல்லாம் நிரம்பிய பிறகு வந்த விருந்தாளிகள் திண்ணையில் படுப்பது மாதிரி. அந்தத் திண்ணையின் இயற்பியல் வேறு. மேற்பரப்பு இரும்பு அணுவுக்குப் பக்கத்துத் துணை குறைவு, பட்டைகள் குறுகிவிடும், பெரும்பான்மைப் பட்டை நிரம்பிவிடும். கட்டியில் அணுவுக்கு 2.2 போர் மேக்னட்டான் என்றால், இரும்பின் (001) என்ற படிக முகத்தில் கணக்கீடுகள் 3-க்கு நெருக்கமாகச் சொல்கின்றன. சோதனையிலும் உண்டு: 1994-இல் பில்லாஸ், ஷாட்லேன், டி ஹீர் மூவரும் இரும்பு அணுக் கொத்துகளைக் கற்றையாகப் பறக்கவிட்டு அளந்தபோது, நூறு அணுவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருந்த கொத்துகளில் அணுவுக்கு 3 வந்தது, ஐநூறு அணு வாக்கில்தான் கட்டி மதிப்புக்கு இறங்கியது. ஆக மேற்பரப்பு இரும்பு கிட்டத்தட்ட கோபால்ட் மாதிரி நடந்துகொள்கிறது.

எனவே திசையைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஆனால் 'ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் சரியாக ஒன்று' என்பது கோபால்ட்டுக்கு நியாயம், இரும்புக்குக் கொஞ்சம் தாராளம். இரும்பில் ஒரு பகுதி எலக்ட்ரான் பெரும்பான்மைப் பக்கம் போனால் காந்த இறக்கம் உண்மையான சார்ஜைக் குறைத்துக் காட்டும். அதாவது 0.208 மேல் எல்லை. காந்தத்திலிருந்து திரும்பிக் கணக்கிட்ட சார்ஜ் கீழ் எல்லை. இதை யாராவது தலைகீழாக எழுதினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

பிப்ரவரி 7, விடிகாலை

தூக்கம் வரவில்லை, லாஞ்செவின் கணக்கு (புலத்தில் துகளின் காந்தம் எவ்வளவு நிமிரும் என்பது) போட்டேன். கேள்வி கேட்டவருக்கு இதுதான் நான் தரக்கூடிய சிறந்த ஆயுதம். அவர் இதை இன்னும் பிரயோகிக்காதது ஆச்சரியம்.

இந்த இரும்புத் துகள்கள் சில நானோமீட்டர்தான். அறை வெப்பத்தில் அவை சூப்பர்பாராமேக்னட்டிக், அதாவது ஒவ்வொரு துகளும் ஒரே பெரிய திருப்புத்திறன், வெப்பம் அதை உருட்டிக்கொண்டே இருக்கும், புலம் அதை நிமிர்த்தப் பார்க்கும். 3 நானோமீட்டர் துகளில் சுமார் 1200 அணு, 2640 போர் மேக்னட்டான். 3 டெஸ்லா புலத்தில், 300 கெல்வினில், இது நிறைவில் 94 சதவீதம் நிமிர்ந்திருக்கும். 2 நானோமீட்டர் துகளில் 356 அணுதான், அதே புலத்தில் 81 சதவீதம்தான்.

94-லிருந்து 81. கிட்டத்தட்ட 14 சதவீத இறக்கம். மேலே 100 மில்லிஆம்பியர் மணிக்கு நான் சொன்ன 13 சதவீதத்தைப் பாருங்கள். ஒரு எலக்ட்ரான்கூட இரும்பில் ஏறாமல், துகள் கொஞ்சம் நொறுங்கினாலே அதே இறக்கம் வந்துவிடும்!

பிப்ரவரி 7, காலை

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒருவர் "அப்போ கதை முடிஞ்சுது" என்கிறார். முடியவில்லை. துகள் நொறுங்கலாம், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நொறுங்கி, திரும்ப அதே அளவுக்கு ஒட்டி, மறுபடி நொறுங்குமா? 0.01-க்கும் 1 வோல்ட்டுக்கும் நடுவே மட்டும் மேலும் கீழும் ஓட்டினால் இரும்பு எந்த வேதிவினையிலும் கலந்துகொள்வதில்லை. அந்தச் சின்ன வட்டத்தில் காந்தம் வோல்டேஜோடு கைகோத்து ஏறி இறங்கினால் அளவு மாற்றத்தைக் காரணம் காட்டுவது கஷ்டம். இருந்தாலும் நான் மதிப்புரை எழுதுபவராக இருந்தால் ஒற்றைப் புலத்தில் எடுத்த எண்ணை மட்டும் ஏற்க மாட்டேன். இரண்டு மூன்று வோல்டேஜில் நிறுத்தி, புலத்தை முழுக்க ஓட்டி, வளைவைப் பொருத்தி, துகள் அளவையும் நிறைவு மதிப்பையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அளவு அசையாமல் நிறைவு மட்டும் அசைந்தால் எலக்ட்ரான். அளவும் அசைந்தால் உட்கார்ந்து பேசுவோம்.

குளிரவைத்து அளந்தால் என்ன என்று கேட்பார்கள். 5 கெல்வினில் எல்லாத் துகளும் நிமிர்ந்துவிடும், லாஞ்செவின் தலைவலி போய்விடும். ஆனால் எலக்ட்ரோலைட் உறைந்துவிடும், ஓடுகிற பேட்டரியைப் பார்க்கவே முடியாது. நிறுத்தி, உறையவைத்து அளக்கலாம். நிறுத்திய நிமிடத்திலிருந்து குளிரும் வரைக்கும் மேற்பரப்பு சார்ஜ் கசியாமல் இருக்குமா என்பது அடுத்த சந்தேகம்.

பிப்ரவரி 9

செய்முறை கேட்டவர்களுக்கு. இந்தத் துறையில் பாதி நேரம் இயற்பியலில் போவதில்லை, அழுக்கில் போகிறது.

சாதாரண காயின் செல்லை (நாணய வடிவப் பேட்டரி) ஸ்குவிட்டுக்குள்ளோ விஎஸ்எம்முக்குள்ளோ (இரண்டும் காந்தமானி வகைகள்) விட முடியாது. மூடி எஃகு, உள்ளே ஸ்பிரிங் எஃகு. 'காந்தத்தில் ஒட்டாத' 304 எஃகுகூட அச்சில் வளைத்து அழுத்தியதும் ஓரங்களில் மார்ட்டென்சைட்டாக மாறி ஒட்ட ஆரம்பிக்கும். அதனால் செல்லை பிளாஸ்டிக்கிலோ கண்ணாடிக் குழாயிலோ நாமே கட்ட வேண்டும். எபாக்சி, பாலிஇமைடு டேப், மெல்லிய செம்புத் தகடு. இது மொத்தமும் ஒரு சில மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடங்கணும், கிளவ் பாக்ஸுக்குள் (காற்றுப் புகாத பெட்டி) தடித்த கையுறை போட்டுக்கொண்டு கட்டணும், கம்பி மேலே வரணும், காற்று உள்ளே போகக் கூடாது. பூ கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை எளிதாக வரும் என்று எங்கள் ஆய்வகத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் அந்த வகையில்லை.

நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் மின்முனையை எஃகுக் கத்தரிக்கோலால் வெட்டுவதுதான் வழக்கம். இரும்பு ஆக்சைடு மின்முனையில் அதனால் பெரிய மோசம் வராது, நம்மிடம் இருப்பதே இரும்புதான். லித்தியம் கோபால்ட் ஆக்சைடு மாதிரி பலவீனமான காந்தத்தில் அதே கத்தரிக்கோலைப் போட்டால் கத்தரிக்கோலின் காந்தத்தைத்தான் அளப்பீர்கள். செராமிக் கத்தரிக்கோல் வாங்கித் தரச் சொல்லி நான் கேட்டதற்கு, 'துணியா தைக்கப் போறீங்க' என்று பதில் வந்தது. பிறகு வாங்கினார்கள்.

பின்னணியைப் பற்றி ரொம்பப் பயமுறுத்துகிறார்கள், கணக்கைப் பார்ப்போம். 9 மைக்ரான் செம்புத் தகடு சதுர சென்டிமீட்டருக்கு 8 மில்லிகிராம், 3 டெஸ்லாவில் அதன் டயா காந்தம் (புலத்துக்கு எதிராக எழும் சின்னக் காந்தம்) லட்சத்தில் இரண்டு ஈமு. ஒரு மில்லிகிராம் மேக்னடைட் இரும்பானால் 0.16 ஈமு. சுமார் எட்டாயிரத்தில் ஒரு பங்குக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்றால் அதே செம்பும் அலுமினியமும் நம் சிக்னலுக்குச் சமமாக வந்து நிற்கும், அங்கே வெற்றுக் கலத்தை அளந்து கழிக்காமல் எதுவும் பேச முடியாது.

பிப்ரவரி 9, இரவு

ஆமாம், ஸ்பிரிங்கைப் பற்றி எழுதியதும் மூன்று பேர் 'எனக்கும் நடந்தது' என்று தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். பொதுவில் எழுதுங்களேன் என்றால் மாட்டேன் என்கிறார்கள்.

பிப்ரவரி 12

இப்போது கேள்வி கேட்டவர் பக்கம் நான் நிற்கிற பாதிக்கு வருகிறேன்.

3 நானோமீட்டர் இரும்புத் துகளில் வெளி அடுக்கில் இருப்பவை சுமார் 42 சதவீத அணுக்கள் (கால் நானோமீட்டர் தோல் என்று வைத்துப் போட்ட கணக்கு). ஒரு கிராம் மேக்னடைட்டிலிருந்து வரும் இரும்பில், மேற்பரப்பு அணு ஒவ்வொன்றும் ஒரு முழு எலக்ட்ரானைத் தாங்கினால் 146 மில்லிஆம்பியர் மணி. 2 நானோமீட்டர் என்றால் தோல் 58 சதவீதம், சுமார் 200. 10 நானோமீட்டருக்குப் போனால் தோல் 14 சதவீதம்தான், 50-ஐ எட்டினாலே பெரிய விஷயம்.

கிராமுக்கு 100 கூடுதல் முழுக்க மேற்பரப்பில் என்றால் மூன்று மேற்பரப்பு அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான். முடியாது என்று சொல்லவில்லை. எதிரே லித்தியம் அயனி அதே நெருக்கத்தில் அணிவகுத்து நிற்கிறது, இடைவெளி ஓர் அணு அளவு. ஆனால் இது சாதாரண மின்தேக்கி விஷயம் இல்லை. சதுர சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோஃபாரட் என்ற தாராளமான கணக்கு போட்டாலும், ஒரு வோல்ட் இடைவெளியில் 25 மில்லிஆம்பியர் மணிதான் தேறும். நான்கு மடங்கு இடிக்கிறது.

யாராவது 300, 400 கூடுதல் என்று எழுதி, அத்தனையையும் மேற்பரப்புக்குக் கணக்கெழுதினால் நான் நம்ப மாட்டேன், திண்ணையில் அவ்வளவு இடம் இல்லை. அதிலும் முதல் டிஸ்சார்ஜில் வரும் பெரிய கூடுதலில் திரும்பி வராத பங்கு கணிசம், அது உங்கள் படலம்தான். இரண்டாம் சுற்றிலிருந்து மீண்டும் மீண்டும் வந்துபோகும் கூடுதலைப் பற்றித்தான் இத்தனை விவாதமும். முதல் சுற்று எண்ணை எடுத்துக்கொண்டு காந்தத்தோடு ஒப்பிடுபவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

பிப்ரவரி 15

பேச்சு திசை மாறுகிறது. "வீட்டில் காந்தம் வைத்து போன் பேட்டரி நல்லதா கெட்டதா பார்க்கலாமா?" என்று ஒருவர். பார்க்கலாம், 18650 என்ற உருளைக் கலம் நன்றாக ஒட்டும், ஏனென்றால் அதன் டப்பா நிக்கல் பூசிய எஃகு. செத்த கலமும் அதே அளவு ஒட்டும்.

ஆனால் கேள்வி அவ்வளவு அசட்டுத்தனம் இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜெர்ஷோ குழு, மைன்ஸ் நகரத்து பட்கர் குழுவோடு சேர்ந்து 2020-இல் அணுக் காந்தமானி வைத்து முழு லித்தியம் அயனிக் கலத்தை வெளியிலிருந்தே பார்த்தார்கள். கலத்தைப் பிரிக்கவில்லை. சார்ஜ் மாறும்போது உள்ளே உள்ள பொருளின் காந்த ஏற்புத்திறன் மாறுகிறது, அது வெளிப்புலத்தைக் கொஞ்சமாக வளைக்கிறது. சார்ஜ் எங்கே சீராக இல்லை என்பதும், இணைப்பைத் துண்டித்த பிறகு உள்ளே ஓடும் சின்ன கரண்ட்டும்கூடத் தெரிந்தது. அதே ஜெர்ஷோ குழு 2018-லேயே எம்ஆர்ஐ கருவியில் கலத்துக்குப் பக்கத்தில் தண்ணீரை வைத்து, தண்ணீரின் சிக்னல் எப்படி விலகுகிறது என்பதிலிருந்து கலத்தின் நிலையைச் சொன்னது. கெட்டிக்காரத்தனம்.

பிப்ரவரி 16

நேர்முனைப் பொருட்களை விட்டுவிட்டேன் என்று புகார். நியாயமான புகார். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் இரும்பு இரண்டு இணைதிறன், ஸ்பின் மட்டும் வைத்துப் பார்த்தால் 4.90 போர் மேக்னட்டான். லித்தியம் வெளியேறியதும் மூன்று இணைதிறன், 5.92. குளிரில் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு (பக்கத்து அணுக்களின் காந்தம் எதிரெதிராக அடுக்குவது) முன்னதில் 50 கெல்வின் வாக்கில், பின்னதில் 125 வாக்கில். பாதி சார்ஜ் ஆன மின்முனையில் இந்த இரண்டு வெப்பநிலையும் தெரிந்தால் இரண்டு கட்டங்கள் கலந்திருக்கின்றன என்று பொருள், நடுவே ஒன்றாக நகர்ந்தால் திடக்கரைசல், அதாவது ஒரே கட்டம். மாசு பார்ப்பதற்கும் இதுவே சிறந்த கருவி. கிறிஸ்தியான் ஜூலியன், அலென் மோஜே போன்றவர்கள் இந்தப் பொருளில் எக்ஸ்ரே காட்டாத மாகெமைட், இரும்பு பாஸ்பைடு துளிகளைக் காந்தத்தில் பிடித்தார்கள்.

எம்எஸ்சி படிக்கும்போது கூய் தராசில் (காந்தப் புலத்தில் எடை எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது) பாதரச டெட்ராதயோசயனேட்டோகோபால்ட்டேட் என்ற பெயரைச் சொல்லிப் பழகவே எங்களுக்கு ஒரு வாரம் போனது, அளவீடு அதற்கப்புறம்தான். அந்த நீலப் பொடியை ஒரே மாதிரி குழாயில் தட்டி நிரப்பும் பொறுமைதான் பின்னால் கலம் கட்டும்போது கைகொடுத்தது. பேட்டரிக்காரர்களில் பலர் ஸ்குவிட் என்றால் ஏதோ தேவலோகக் கருவி என்று ஒதுங்குகிறார்கள். கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இணையாத எலக்ட்ரான் எத்தனை?

பிப்ரவரி 20

முதல் கேள்வியைக் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "திசை மாறுவதை ஏற்கிறேன். ஆனால் மேற்பரப்பு பாதி, படலம் பாதி என்றால் உன் காந்தம் எப்படிப் பிரித்துச் சொல்லும்?"

இரும்பில் பிரித்துச் சொல்லாது என்பதுதான் என் கருத்து. காந்தத்திலிருந்து வரும் எண் கீழ் எல்லை என்று மேலே எழுதினேன், கீழ் எல்லைக்கும் மொத்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் படலம் என்றும் சொல்லலாம், பெரும்பான்மைப் பட்டைக்குப் போன எலக்ட்ரான் என்றும் சொல்லலாம். கோபால்ட்டில் அந்த இரண்டாவது வழி அடைபட்டிருப்பதால் மிச்சத்தைப் படலத்தின் மேல் தைரியமாகப் போடலாம். இரும்பில் ஆரம்பித்ததற்குப் பதிலாக கோபால்ட்டில் ஆரம்பித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

நான் பார்க்க ஆசைப்படுவது நிக்கலில். நிக்கல் அணுவுக்கு 0.6 போர் மேக்னட்டான்தான், அதாவது சிறுபான்மைப் பட்டையில் அணுவுக்கு 0.6 எலக்ட்ரானுக்குத்தான் இடம். நிக்கலில் செம்பைக் கலந்துகொண்டே போனால் 60 சதவீதம் வாக்கில் ஃபெர்ரோ காந்தம் செத்துவிடுவது இதே கணக்கில்தான். ஆக மேற்பரப்பு நிக்கல் அணு 0.6 எலக்ட்ரான் வாங்கிய பிறகு காந்தம் அதற்கு மேல் குறைய வழியில்லை, சார்ஜ் மட்டும் ஏறும். சார்ஜுக்கு எதிராகக் காந்தத்தை வரைந்தால் கோடு ஓரிடத்தில் வளைந்து படுக்க வேண்டும், படுக்கிற இடம் துகளின் மேற்பரப்பு அணு எண்ணிக்கையோடு பொருந்த வேண்டும். பொருந்தினால் மேற்பரப்புக் கதைக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தேவையில்லை. கடைசி வரை வளையாமல் சாய்ந்துகொண்டே போனால் வேறு ஏதோ நடக்கிறது.

சிக்கல்: 3 நானோமீட்டர் நிக்கல் துகளின் திருப்புத்திறன் 774 போர் மேக்னட்டான்தான், 3 டெஸ்லாவில் 81 சதவீதமே நிமிரும், லாஞ்செவின் தலைவலி இரும்பைவிட மோசம். 7 டெஸ்லா ஸ்குவிட்டில் 92 வரைக்கும் போகும். அத்தனை புலம் உள்ள கருவியில் ஓடுகிற கலத்தை வைக்க அனுமதி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், வெற்றுக் கலத்தின் அளவீட்டோடு சேர்த்து இங்கே போடுங்கள். வளைவு மட்டும் போட்டால் முதல் ஆளாகத் திட்டப் போவது நான்தான்.